கை காட்டினால் நிற்கும்

போனில் ஆடுகிற அந்த பஸ் விளையாட்டுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு நட்சத்திரம். ஒன்றுக்கும் கீழே கொடுக்க அங்கே வழியில்லை, இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். மாற்றச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். என் மகள் கெஞ்சிப் பார்த்தாள். முகம் தெரியாத பிள்ளைகள் சிலர் என்னைக் கிழவன் என்று திட்டினார்கள். எனக்கு ஐம்பது வயதுதான் ஆகிறது. அந்த ஒன்று இன்றும் ஒன்றாகவே இருக்கிறது.

நான் தனியார் பஸ் டிரைவர். கீரமங்கலத்திலிருந்து ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டை, திரும்பவும் அதே வழி. பத்தொன்பது வருஷமாக ஒரே ரூட். போன வருஷம் ஷெட்டில் வண்டியைக் கழுவிவிட்டு இறங்கும்போது படிக்கட்டில் சோப்புத் தண்ணீர் வழுக்கி, இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்துவிட்டது. இடது கால் என்றால் கிளட்ச் கால். உள்ளே கம்பி வைத்துத் தைத்த டாக்டர், ஐந்து மாதம் போகட்டும், பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்னைத் தூங்கவிடவில்லை. என் வண்டியில் முதலாளி வேறொரு டிரைவரை ஏற்றிவிட்டார். சின்ன வயது ஆள், டைம் தவறாமல் ஓட்டுகிறார் என்று சொன்னார்கள். கால் கூடினாலும் வண்டி திரும்பக் கிடைக்குமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. வீட்டில் யார் எதைப் பேசினாலும் என் காதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் அந்த டிரெய்லரைக் காட்டினாள். புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள், போன் விஷயத்தில் கெட்டிக்காரி. பஸ் ஓட்டுகிற விளையாட்டுகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. ஏதோ ஒரு வெளிநாட்டு ரோட்டில் நம்மூர் தனியார் பஸ்களின் பெயிண்டை மாற்றி அடித்து, ஏர் ஹாரனையும் மாட்டி ஓட்டுவார்கள். பஸ் ஸ்டாண்டில் ரெஸ்ட் நேரத்தில் கண்டக்டர் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். இது அப்படியில்லை. நம் மாவட்டத்து ரோட்டையே அப்படியே வைத்திருக்கிறார்களாம். டிரெய்லரில் நார்த்தாமலைக் குன்று தூரத்தில் தெரிய ஒரு பஸ் திரும்பியது. அடுத்து கீழராஜ வீதி. அதற்கடுத்து நெற்றியில் ஆலங்குடி என்று போர்டு போட்ட ஒரு வண்டி. கீழே பெரிய எழுத்தில், 'உங்கள் ஊர், உங்கள் ரோடு, உங்கள் கையில்' என்று வந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. கட்டிலை விட்டு இறங்க இன்னொருவர் தோளைப் பிடிக்க வேண்டிய நிலையில் இருப்பவனிடம், உன் ரோடு உன் கையில் என்று சொன்னால் கலங்கத்தான் செய்யும். வெளிவரும் தேதி இரண்டு தடவை தள்ளிப்போனது. நான் தினமும் மகளிடம் கேட்டேன். ஸ்டாண்டிலும் எல்லாரும் அதே பேச்சாக இருக்கிறார்கள் என்று என் கண்டக்டர் போனில் சொன்னான். என்னோடு பன்னிரண்டு வருஷம் விசில் அடித்தவன், நான் படுத்ததும் வேறு ரூட் வண்டிக்கு மாறியிருந்தான். "அண்ணே, நீங்க வீட்டுலேர்ந்து ஓட்டுங்க, நான் இங்கிட்டு இருந்து விசில் அடிக்கிறேன்" என்று கிண்டல் செய்தான்.

விளையாட்டு வந்த அன்று காலையிலேயே மகள் போனில் இறக்கிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினாள். என் மனைவி பழைய தலையணை ஒன்றைக் காலுக்கு முட்டுக்கொடுத்து, "பாத்து ஓட்டுங்க, கட்டில் கவுந்துரப் போவுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீரமங்கலத்திலிருந்து வண்டியை எடுத்தேன்.

முதல் பத்து நிமிஷத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கண்டக்டர் இல்லை. ஆள் ஏறியதும் கதவு தானாக மூடி, கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பஸ் என்றால் ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்கு எடுக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்காமல் எனக்குக் கை ஓடாது. ஆலங்குடியில் பலாப்பழ மூட்டையோடு ஏற வேண்டியவர்கள் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறினார்கள். நின்றுகொண்டு வருகிறவர் ஒருத்தர்கூட இல்லை, எல்லாரும் சீட்டில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். காலை நடையில் அப்படி ஒரு பஸ்ஸை நான் கனவில்கூடப் பார்த்ததில்லை. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். அவசரத்தில் செய்திருப்பார்கள், போகப் போகச் சரியாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

ஆலங்குடி தாண்டினேன். வம்பன் நால்ரோடு தாண்டினேன். அடுத்து முந்திரிக்காட்டு வளைவு. அங்கே ஸ்டாப் கிடையாது. நிழற்குடை, பலகை, எதுவும் கிடையாது. உள்ளே ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அந்த ஊர்க்காரர்கள் வளைவில் வந்து நின்று கையைக் காட்டுவார்கள், நான் நிறுத்துவேன். அவிச்ச கடலைக் கூடையோடு ஒரு அக்கா தினமும் அங்கே ஏறி, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். விளையாட்டிலும் அந்த வளைவு வந்தது. அங்கே மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பரவாயில்லை, இவ்வளவு தெரிந்து செய்திருக்கிறான், விசில் இல்லாவிட்டால் போகட்டும் என்று நினைத்தபடியே நிறுத்தினேன்.

கதவு திறக்கவில்லை. சிவப்பு எழுத்து வந்தது. 'அனுமதியற்ற நிறுத்தம்', பத்துப் புள்ளி போய்விட்டது. அந்தப் பெண் ஏறவும் இல்லை, கையை இறக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்தேன். அடுத்த வளைவில் அதே மஞ்சள் புடவை, அதே கை. நிறுத்தினேன். மறுபடி சிவப்பு. திருவரங்குளம் போவதற்குள் நீலச் சட்டைக்காரர் ஒருவர், இரண்டு பள்ளிப் பிள்ளைகள், மஞ்சள் புடவை மூன்று தடவை. எல்லாருக்கும் நிறுத்தினேன், ஒருவரும் ஏறவில்லை. புதுக்கோட்டை எல்லைக்கு முன்னாலேயே திரை கறுத்து, 'பயணம் தோல்வி, நீங்கள் இன்னும் பயிற்சி எடுக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டது.

பயிற்சி. நான்.

அன்று முழுக்க ஏழெட்டு நடை ஓட்டினேன். ஒரு நடைகூடப் புதுக்கோட்டை போய்ச் சேரவில்லை. நிறுத்தாமல் போனால் சேரலாம் என்று புரியாமல் இல்லை. கையைக் காட்டுகிற ஆளைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. விரல் தானாகப் போய் பிரேக்கை அழுத்தியது. சாயங்காலம் மகள் வந்து, "அவங்களுக்கு நிறுத்தாதீங்கப்பா, நீல வட்டம் போட்ட எடத்துல மட்டும் நிறுத்துங்க" என்றாள்.

"கையக் காட்டுறாங்கள்ல."

"காட்டிட்டுப் போறாங்க. இது கேம்ப்பா."

"கேம்னா? கேம்ல கை கையில்லையா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகுமுன், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள் என்று ரிவ்யூ போடுகிற இடத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். அதற்காக அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அங்கே என்னைப் போல ஏமாந்தவர்கள் கூட்டமாக இருந்தார்கள். கறம்பக்குடி ஆள் ஒருவர், மழை பெய்கிறது, வைப்பர் ஓடுகிறது, கண்ணாடியில் தண்ணீர் மட்டும் அப்படியே நிற்கிறது என்று எழுதியிருந்தார். அறந்தாங்கிப் பெண் ஒருத்தி, விளையாட்டில் பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததாகவும், வழி நெடுகத் தென்னை மரம் என்று நினைத்தால் ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப நட்டிருக்கிறார்கள் என்றும், வளைந்த மட்டை வரைக்கும் ஒன்று என்றும் எழுதியிருந்தாள். போன் தோசைக்கல்லாகச் சுடுகிறது என்றார் ஒருத்தர். புது பஸ் ஸ்டாண்டை ஏர்போர்ட் மாதிரி கட்டி வைத்திருக்கிறான், எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை இவன் எட்டியாவது பார்த்தானா என்றார் இன்னொருத்தர். ஒவ்வொன்றாகப் படித்து, ஆமாம் ஆமாம் என்று தனியாகத் தலையாட்டினேன்.

ஒன்று மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர் போல. வேலை முடிந்து ரூமில் படுத்துக்கொண்டு ஊருக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தேன், எங்கள் ஊர் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பஸ் எங்கள் ஊர் இருக்கிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டது, அங்கே வெறும் பொட்டல்தான் இருந்தது என்று எழுதியிருந்தார். அவருக்குக் கீழே எவனோ ஒருவன், 'சும்மா கிடைக்கிற கேமுக்கு இவ்வளவு பேச்சா' என்று பதில் போட்டிருந்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இன்றும் அந்த வரியை நினைத்தால் ஏறுகிறது. சும்மா என்ன சும்மா. அந்த மனுஷன் இரண்டு மாதம் ஆசையை வைத்துக் காத்திருக்கிறார். உங்கள் ஊர் என்று கூப்பிட்டது யார்? நாங்களா வந்து கேட்டோம், எங்கள் ரோட்டைப் போடுங்கள் என்று? இலை போட்டு உட்காரவைத்துவிட்டுச் சோறு வராமல் போனால், இலையாவது போட்டார்களே என்று எழுந்து போக வேண்டுமா? குறை சொல்கிறவனை நன்றி கெட்டவன் என்று பேசுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. ரோடு சரியில்லை என்றால், ரோடு போட்டதே பெரிசு என்பார்கள். எதிர்பார்த்தவன்தான் குறை சொல்லுவான். எதிர்பார்க்காதவன் அந்தப் பக்கமே வரமாட்டான்.

மறுநாள் மகளை உட்காரவைத்து நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். அவள் எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். 'நல்ல முயற்சி. இன்னும் கொஞ்சம் மேம்படுத்தினால் சிறப்பாக இருக்கும். வாழ்த்துகள்.' மூன்று நட்சத்திரம்.

"இத நான் சொன்னேனா?"

"நீங்க சொன்னத அப்படியே போட்டா சண்டைக்குப் போற மாரி இருக்குப்பா. பாவம், அவங்களும் கஷ்டப்பட்டுத்தான செஞ்சிருப்பாங்க."

"கஷ்டப்பட்டது தெரியுது தாயி. கல்யாண வீட்டுல கேட்டா சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்லிட்டு வாரோமே, அது வேற. இவன் நம்மகிட்ட கருத்துச் சொல்லுங்கன்னு கேட்டுருக்கான். கேட்டவன்கிட்ட பொய் சொல்லலாமா? அழி. ஒன்னு போடு."

அழித்தாள். நான் சொன்னபடியே போட்டாள். அது இதுதான்: 'ஐயா, நான் இந்த ரோட்டில் பத்தொன்பது வருஷம் நிஜ வண்டி ஓட்டியவன். உங்கள் வண்டியில் விசில் இல்லை, கூட்டம் இல்லை, மூட்டை இல்லை. அதையெல்லாம்கூட விடுங்கள். கை காட்டுகிறவர்களை ஏற்ற விடமாட்டேன் என்கிறீர்கள். நிறுத்தினால் புள்ளியைப் பிடுங்குகிறீர்கள். ஏற்றக் கூடாது என்றால் அவர்களை எதற்கு வெயிலில் நிற்கவைத்தீர்கள்? இது எங்கள் ரோடு இல்லை.'

நான்கு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. 'வணக்கம். தங்கள் கருத்துக்கு நன்றி. சாலையோரம் நிற்பவர்கள் பயணிகள் அல்லர். பேருந்தைக் கண்ட மகிழ்ச்சியில் கையசைத்து வாழ்த்துகிறார்கள். பயணிகளை நீல வட்டமிட்ட நிறுத்தங்களில் மட்டும் ஏற்றிக்கொள்ளவும். தங்கள் மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறோம்.'

இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. பிறகு சிரித்தேன். கால் வலிக்க வலிக்கச் சிரித்தேன். டாட்டா காட்டுகிறார்களாம். எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு டாட்டா காட்டுகிற வயசு பால்வாடியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் எவராவது ரோட்டோரம் கையைத் தூக்கினால் ஒரே அர்த்தம்தான், நிறுத்து, நானும் வருகிறேன். இதை எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கேயோ ஒரு ஊரில், ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் நல்ல பிள்ளை ஒன்று, கிராமத்து ஜனங்கள் பஸ்ஸைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்து, பாசத்தோடு அந்த மஞ்சள் புடவையை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறவேண்டிய தேவை அதற்கு ஒரு நாளும் வந்திருக்காது, அவ்வளவுதான்.

கண்டக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"அண்ணே, அப்ப அது டாட்டாவா?"

"ஆமான்டா."

"நான் ஒரு வாரமா நிறுத்தி நிறுத்தித் தோத்துக்கிட்டு இருக்கேன்ணே. ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரும் அப்படித்தான். எங்க ஊரு டிரைவரு போனு சரியில்லன்னு புது போனே பாத்துக்கிட்டு இருக்காரு."

அன்று ரெஸ்ட் நேரத்தில் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ரிவ்யூ போட்டார்கள். டிரைவர், கண்டக்டர், டைம் கீப்பர் வரைக்கும். 'கை காட்டினால் நிற்கும்படி செய்யவும்' என்று ஒருத்தர். 'அந்த மஞ்சள் புடவை அம்மாவை ஏற்றிக்கொண்டு போக வழி செய்யவும், நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை' என்று இன்னொருத்தர். இதைப் பார்த்து விளையாட்டுப் பிள்ளைகள் கொதித்துவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது நல்ல கிராபிக்ஸ், நீங்கள் எல்லாரும் வந்து ரேட்டிங்கைக் கெடுக்கிறீர்கள், கேம் ஆடத் தெரியாவிட்டால் போனைக் கீழே வையுங்கள் என்று திட்டினார்கள். கிழவன் என்று சொன்னதும் அப்போதுதான். அந்த வளைகுடாக்காரர் மட்டும் எனக்குக் கீழே வந்து, 'அண்ணன் சொல்வது சரி, எங்கள் ஊரிலும் ஸ்டாப் கிடையாது, கை காட்டித்தான் ஏறுவோம்' என்று எழுதினார். அவர் யாரென்று இதுவரை தெரியாது. எனக்கு அவர் ஒருவர் போதும்.

மூன்று வாரம் கழித்து விளையாட்டில் மாற்றம் வந்தது. என்ன மாற்றம் என்று மகள் படித்தாள். புது ஹாரன், புது பெயிண்ட், இன்னும் ஏதேதோ. கடைசி வரியைப் படிக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாங்கிப் படித்தேன். 'பயனர்களின் குழப்பத்தைத் தவிர்க்க, சாலையோர மனிதர்கள் நீக்கப்பட்டுள்ளனர்.'

கீரமங்கலத்திலிருந்து எடுத்தேன். ஆலங்குடி, வம்பன், முந்திரிக்காட்டு வளைவு. யாரும் இல்லை. ரோடு சுத்தமாக இருந்தது. அடுத்த வளைவிலும் யாருமில்லை. முதல் தடவையாகத் திருவரங்குளம் தாண்டிப் புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தேன். திரையில் பட்டாசு வெடித்து, 'சிறந்த ஓட்டுநர்' என்று வந்தது. கால் முறிந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு துக்கமாக இல்லை. நான் வாய் திறந்ததால்தானே அந்த அம்மா போனார் என்று தோன்றியது. பேசாமல் இருந்திருந்தால் ஓரமாக நின்றாவது இருந்திருப்பார்.

அந்த எண்ணத்தோடு ஒரு நாள் முழுக்கக் கிடந்தேன். மறுநாள் அது கழன்றுவிட்டது. கேட்டவன் மேல் என்ன தப்பு? ஏற்றிக்கொள்ள வழி கேட்டதற்கு ஆளை எடுத்தவன் செய்தது தப்பு. இந்தத் தடவை மகளைக் கூப்பிடாமல் நானே ஒவ்வொரு எழுத்தாகத் தடவி எழுதினேன். 'ஏற்ற வழி கேட்டேன், ஆளையே எடுத்துவிட்டீர்கள். திரும்ப நிற்க வையுங்கள். அதுவரைக்கும் ஒரு நட்சத்திரம்தான். ஆள் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் நான் நிறுத்துவேன். எத்தனை புள்ளி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.' சொன்னபடியே செய்தேன். காலியான வளைவுகளில் நிறுத்தி நிறுத்தித் தோற்றேன். என் மனைவிக்கு இது பைத்தியமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஐந்து மாதம் முடிந்து டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் புதுக்கோட்டை போனேன். காலை மடக்கி நீட்டிக் காட்டச் சொன்னார், காட்டினேன். சர்டிபிகேட்டைப் படித்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"டிரைவரே, ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா இந்த அஞ்சு மாசமா எங்க டைம்ல ஆளேத்துறான்னு பின்னாடி வர்ற வண்டிக்காரன்கிட்டேர்ந்து ஒரு கம்ப்ளைன்ட் வரல. புதுப் பையன் ஸ்டாப்புல மட்டுந்தான் நிறுத்துறான். நீங்களும் அப்படி ஓட்டுறதா இருந்தா நாளைக்கே வண்டிய எடுங்க. நடுவுல கண்ட எடத்துல நிறுத்துற வேல மட்டும் வேணாம்."

சரி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, பொய் சொல்லவில்லை. ஐந்து மாதம் கட்டிலில் கிடந்து அந்த ஸ்டியரிங்கைத்தான் நினைத்தேன். சரி என்ற ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் அதை வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். சொல்லிவிட்டு, வண்டியை எடுத்த பிறகு என் இஷ்டத்துக்கு ஓட்டலாமே என்றும் தோன்றியது. அது எனக்கு வராது.

"மொதலாளி, டைமுக்கு நான் பொறுப்பு. லேட்டானா அன்னைக்கே எறக்கிருங்க, ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா கை காட்டுனா நிறுத்துவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஸ்டாண்டுல சொன்னாங்க. கேம்லயே நிறுத்துறீங்களாமே."

"ஆமாங்க. அங்க ஆளத் தூக்கிட்டான். அவனால முடியும், பட்டனத் தட்டுனான், போயிட்டாங்க. இங்க நம்மளால தூக்க முடியாதுங்க. நாம நிறுத்துனாலும் நிறுத்தாட்டியும் அவங்க நிப்பாங்க."

"ஒரு மாசம் பாப்போம்" என்றார். "ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் அந்தப் பையன்தான் வண்டிக்கு."

மறுநாள் காலை கீரமங்கலத்தில் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கிளட்ச்சை மிதித்தபோது உள்ளே கம்பி சுரீர் என்றது, பிறகு பழகிவிட்டது. என்னோடு இந்த வண்டிக்கே திரும்பிவிட்ட கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான். அந்தச் சத்தத்துக்கு நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்பது எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஆலங்குடியில் கூட்டம் அடித்துக்கொண்டு ஏறியது, ஜன்னல் வழியாகத் துண்டு விழுந்தது, மூட்டை ஏறியது. வம்பன் தாண்டினேன். முந்திரிக்காட்டு வளைவுக்கு முன்னாலேயே காலைத் தயாராக வைத்தேன்.

வளைவில் யாரும் இல்லை.

முதலாளியிடம் நான் அடித்துச் சொன்ன பேச்சு பொய்யாகிவிட்டது. ஐந்து மாதம் நிற்காமல் போன வண்டிக்கு யார் வந்து காத்திருப்பார்கள்? கடலைக்கார அக்கா இல்லை, பள்ளிப் பிள்ளைகள் இல்லை. ரோடு சுத்தமாக இருந்தது, விளையாட்டில் இருந்த மாதிரியே. இங்கேயும் எடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு பட்டனைக்கூடத் தட்ட வேண்டியிருக்கவில்லை.

நிறுத்தினேன்.

"அண்ணே, ஆளு இல்லண்ணே" என்றான் கண்டக்டர்.

"தெரியும்."

"பின்ன?"

"கதவத் தொற."

திறந்தான். பின்னாலிருந்து யாரோ, என்னப்பா பிரேக் டவுனா என்று கேட்டார்கள். ஒரு ஹாரன் அடித்தேன், உள்ளே கேட்கிற மாதிரி நீளமாக. முந்திரி மரங்களுக்கு நடுவில் போகிற மண் பாதையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். பிறகு அவன் இரண்டு விசில் கொடுத்தான், எடுத்தேன். திருவரங்குளத்தில் ஆளைச் சீக்கிரம் ஏற்றச் சொல்லி அந்த நேரத்தைச் சரிகட்டினான். புதுக்கோட்டையில் டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்து, சரியான நேரம் என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாளும் நிறுத்தினேன், ஹாரன் அடித்தேன், யாரும் இல்லை. மூன்றாம் நாள் வண்டியில் சிலர் வாய்விட்டே திட்டினார்கள். ஆபீஸ் போகிறவர் ஒருத்தர் முதலாளிக்குப் போன் போடுவேன் என்றார். போடுங்க என்று நம்பரையும் நானே சொன்னேன்.

நான்காம் நாள் மண் பாதை முடிகிற இடத்தில் அந்த அக்கா நின்றிருந்தார். தலையில் கடலைக் கூடை. கையைக் காட்டவில்லை. ஒரு கையால் கூடையைப் பிடித்தபடி, வம்பன் ஸ்டாப்புக்கு நடக்கலாமா வேண்டாமா என்பதுபோல் நின்றார். வண்டி அவர் பக்கத்தில் போய் நின்றதும் முதலில் படிக்கட்டைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பியா? மூணு நாளா ஹாரன் சத்தம் ஊருக்குள்ள கேட்டுச்சு. யாரோ வழி தெரியாம நிக்கிறாங்கன்னுல்ல நெனச்சோம். இங்கிட்டுத்தான் பஸ்ஸு நிக்காதுன்னுட்டாங்களே."

"யாருக்கா சொன்னா? ஏறுங்க."

"நாளைக்கும் நிக்குமா?"

"கையக் காட்டுங்க."

ஏறினார். கண்டக்டர் கூடையை வாங்கி என் சீட்டுக்குப் பின்னால் வைத்தான். கீழே பாதையில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் என்னைப் பார்த்தான். நான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டேன், ஓடி வருகிறவர் வந்து சேரட்டும் என்று.